சி.ஆர்.பி. 12இலிருந்து 24: மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 46. லொறி ஓட்டுகிறார், சிகரெட் பிடிப்பார். மூன்று வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எடுக்கிறார். வயிற்றுக்குத்தையும் சத்தியையும் வாயு என்று நினைத்து இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஸ்கானில் குடல்வாலுக்குள் கல்லும் இருந்ததாம். அன்றிரவே ஒப்பரேசன். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மூன்றாம் நாள் 168, ஐந்தாம் நாள் 71. அன்றே அன்டிபயோட்டிக் ஊசியை நடுவில் நிறுத்தி, வீட்டுக்கும் அன்டிபயோட்டிக் தராமல் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே வருத்தத்துக்கு இரண்டு கிழமை குளிசை கொடுத்தார்கள். இவருக்குக் காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், ஆனால் களைப்பு. பயத்தில் ஒன்பதாம் நாள் டவுனில் ஒரு லாப்பில் பார்த்தோம்: 12. பதினோராம் நாள் இன்னொரு லாப்பில் 24. இரண்டு மடங்கு! பார்மசியில் சொல்லி கோ-அமொக்சிகிளேவ், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு அன்டிபயோட்டிக்கும் வாங்கிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். கனடாவிலுள்ள தம்பி புரோகல்சிற்றோனின் என்ற இரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்கிறான். லாப்பில் 'பக்கேஜ்' என்று சி.ஈ.ஏ. என்ற புற்றுநோய் தொடர்பான இரத்தச் சோதனையும் பார்த்தார்கள், 6.1. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். இரவு முழுக்க விழித்திருந்தேன். புற்றுநோயா? என் மச்சாளுக்குப் போன வருடம் குடல்வால் வருத்தம் மருந்திலேயே மாறியது, இவரை ஏன் வெட்டினார்கள்? வார்ட்டில் இன்சுலின் போட்டார்களே, இனி வாழ்நாள் முழுக்க அதுதானா?

பதில்:

சகோதரி, நீங்கள் அனுப்பிய இரண்டு லாப் ரிப்போர்ட்டுகளின் படங்களையும், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டையும் பார்த்தேன். இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் அடியில் சின்ன எழுத்தில் 'லேட்டெக்ஸ் முறை' என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் பயத்தில் பாதி அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் 168, 71 என்று வந்தவை மெஷின் அளந்த எண்கள். சிறிய லாப்களில் செய்யும் லேட்டெக்ஸ் முறை வேறு. ஒரு கண்ணாடித் தகட்டில் இரத்தத்தின் சீரத்தையும் லேட்டெக்ஸ் துணிக்கைகள் கலந்த திரவத்தையும் சேர்த்து, தயிர் திரிவது போல் திட்டுத்திட்டாகத் திரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். திரிந்தால் சி.ஆர்.பி. 6க்கு மேல் என்று அர்த்தம். பிறகு சீரத்தைப் பாதியாக ஐதாக்கிப் பார்ப்பார்கள், அதிலும் திரிந்தால் 12. மறுபடியும் பாதியாக்கித் திரிந்தால் 24. அதற்கு மேல் 48, 96. இந்த முறையில் 15 என்றோ 19 என்றோ விடை வராது. உண்மையான அளவு 20க்குக் கிட்ட இருக்கிற ஒருவருக்கு ஒருநாள் 12 என்றும், அடுத்த நாள் வேறொருவர் பார்த்தால் 24 என்றும் வரலாம். ஒரு படி மேலே கீழே போவது இந்த முறையில் சாதாரணம். உங்கள் விஷயத்தில் லாப்பும் வேறு, பார்த்த கண்ணும் வேறு. ஆக, 'இரண்டு மடங்கு' என்று நீங்கள் பயந்தது ஒரே ஒரு படி. அதை வைத்துக் கிருமி திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். சில லாப்கள் சி.ஆர்.பி.யை லீற்றருக்கு மில்லிகிராமாகவும், சில லாப்கள் டெசிலீற்றருக்கு மில்லிகிராமாகவும் எழுதுகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 2.4 என்று கண்டு நிம்மதி அடைவதும் 24 என்று கண்டு அழுவதும் ஒரே இரத்தத்துக்காக நடக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பார்க்காமல் வட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பாதீர்கள்.

சரி, 168க்கு வருவோம். சி.ஆர்.பி. ஈரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்காவது அழற்சி வந்தால், அது கிருமியாலோ காயத்தாலோ கத்தியாலோ எதுவாக இருந்தாலும், சில மணி நேரத்தில் ஈரல் இதை ஊற்றத் தொடங்கும். எங்கள் கத்தி பட்டதற்கே ஏறும், கிருமியே இல்லாத ஒப்பரேசனிலும் ஏறும். பொதுவாக இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். உங்கள் கணவருக்குக் கத்தி படுவதற்கு முன்பே வயிற்றில் சீழ். மூன்றாம் நாள் 168 என்பது அந்த நிலையில் யாரையும் திடுக்கிட வைக்கிற எண் இல்லை. வார்ட்டில் நாங்கள் அந்த ஓர் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, அடுத்தது எங்கே போகிறது என்றுதான் பார்ப்போம். இரத்தத்தில் கலந்த சி.ஆர்.பி. ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நோயாளி நலமாக இருந்தாலும் கடுமையாக இருந்தாலும் இந்த வேகம் மாறாது, மாறுவது ஈரல் புதிதாகச் செய்யும் அளவுதான். ஆகவே எண் இறங்கினால், அழற்சியின் மூலம் அடங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். 168இலிருந்து இரண்டு நாளில் 71 என்பது நல்ல இறக்கம். ஐந்தாம் நாளும் 160, 170 என்று நின்றிருந்தாலோ, இறங்கியது மறுபடி ஏறியிருந்தாலோ உங்கள் கணவரை ஸ்கானுக்கு அனுப்பியிருப்பார்களே தவிர வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பதினோராம் நாளில் சி.ஆர்.பி. ஐந்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சீழ் வடித்த வயிறு, தையல் ஆறுகிற தோல், போதாக்குறைக்குச் சீனி வருத்தம், சிகரெட். கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதே ரிப்போர்ட்டில் உள்ள, அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான ஈ.எஸ்.ஆர். 58ஐப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அது வாரக்கணக்கில் மெதுவாக இறங்குகிற எண், ஒப்பரேசனுக்குப் பிறகு அதைப் பார்ப்பதே வீண் செலவு. வெள்ளணு 9,800 என்பது சாதாரண எல்லைக்குள்தான் இருக்கிறது.

இரத்தத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். குடல்வால் வெடித்தவர்களில் சிலருக்கு, வீட்டுக்கு வந்த பிறகு, ஏறக்குறைய ஒரு கிழமை கழித்து, இடுப்புக் குழிக்குள் சீழ் மறுபடி கட்டும். அது எப்படித் தெரியவரும் தெரியுமா? மாலையில் குளிருடன் காய்ச்சல், சளியோடு அடிக்கடி வயிற்றாலே போவது, போனபிறகும் போக வேண்டும் போன்ற உணர்வு, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்றில் பாரம், சாப்பாட்டில் வெறுப்பு. காயம் சிவந்து வீங்கினாலும், கசிந்தாலும், வயிறு உப்பிச் சத்தி எடுத்தாலும் அப்படித்தான். இவற்றில் ஏதாவது வந்தால் லாப்புக்குப் போக வேண்டாம், டயக்னோசிஸ் கார்ட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவான ஈ.ரி.யூ.வுக்குப் போங்கள். காய்ச்சலும் இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டு, வழமைபோல் வயிற்றாலே போய்க்கொண்டு இருக்கிறவருடைய களைப்பு, பெரிய ஒப்பரேசனுக்குப் பிறகு சில வாரம் இருக்கிற களைப்புத்தான். லொறியில் ஏறுவதையும் பாரம் தூக்குவதையும் மட்டும் கிளினிக்கில் கேட்காமல் தொடங்க விடாதீர்கள்.

காய்ச்சல் பற்றி எழுதும்போது திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு இதையும் சொல்லாமல் விட முடியாது. மாரி மழை முடிந்த கையோடு வருகிற காய்ச்சலை நாங்கள் ஒப்பரேசன் காய்ச்சல் என்றே நினைத்துவிடக் கூடாது. 2017இல் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கே தெரியும். டெங்குவிலும் வயிற்றுவலி வரும், சத்தி வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது விலை கூடிய சோதனை எதுவும் இல்லை, இரத்த அணுக்களை எண்ணும் சாதாரண எஃப்.பி.சி.தான். சீழ் கட்டினால் வெள்ளணு பொதுவாக ஏறும். டெங்குவில் வெள்ளணு இறங்கும், பின்னாலேயே பிளேட்லெட்டும் இறங்கும். பிளேட்லெட் 100,000க்குக் கீழே போனால் வார்ட்டில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை வலிக்கு டைக்ளோபினாக்கோ ஐபுபுரோபனோ கொடுக்காதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் போதும், அதுவும் அளவோடு.

இனி நீங்கள் பார்மசியில் வாங்கிய மருந்து. இதில்தான் எனக்கு உங்களோடு கொஞ்சம் கோபம். பார்மசியோடு இன்னும் கூட. கடையில் நின்றவர் எண்ணைக் கேட்டுவிட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார், வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

'அன்டிபயோட்டிக்கை நடுவில் நிறுத்திவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் நிறுத்தவில்லை, முடித்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் சீழ் பிடித்த வருத்தத்தில் முக்கால்வாசி வைத்தியம் கத்தியும் கழுவலும்தான். அழுகியதை எடுத்து, சீழை வடித்த பிறகு அன்டிபயோட்டிக்குக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம். முன்பு நாங்களும் காய்ச்சலும் வெள்ளணுவும் முழுக்க அடங்கும்வரை எட்டு நாள், பத்து நாள் என்று கொடுத்தவர்கள்தான். 2015இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 518 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வயிற்றுச் சீழின் மூலத்தைச் சரிசெய்த பிறகு, ஒரு பகுதியினருக்கு ஏறக்குறைய நான்கு நாள், மற்றப் பகுதியினருக்கு அறிகுறிகள் அடங்கி இரண்டு நாள் வரை, அதாவது எட்டு நாள் அளவில், மருந்து கொடுத்தார்கள். மறுபடி சீழ் கட்டுவது, காயம் பழுதாவது, இறப்பு எல்லாம் சேர்த்து இரு பக்கமும் நூற்றுக்கு 22 பேர் அளவில் சமமாகவே வந்தது. 2023இல் நெதர்லாந்தில் வெடித்த குடல்வால், அழுகிய குடல்வால்காரரை மட்டும் எடுத்து இரண்டு நாளையும் ஐந்து நாளையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் இரண்டு நாள் மட்டும் கொடுத்தவர்களுக்கு விளைவு மோசமாகிவிடவில்லை. உங்கள் கணவருக்கு ஐந்து நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏன் இரண்டு கிழமை என்று எனக்குக் கேட்காதீர்கள். அவனுக்குச் சீழை முழுக்க எடுக்க முடியாமல் போயிருக்கலாம், அல்லது பழைய பழக்கத்தில் எழுதியிருக்கலாம்.

தேவையில்லாத அன்டிபயோட்டிக் சும்மா இருந்துவிட்டுப் போகாது. கோ-அமொக்சிகிளேவ் வயிற்றாலே போக வைக்கும். அப்போது அது மருந்தாலா, இடுப்புக் குழிச் சீழாலா என்று எங்களுக்கே குழப்பம். உண்மையிலேயே சீழ் கட்டிக்கொண்டிருந்தால் மருந்து அதை அரைகுறையாக அமுக்கி வைத்து, பத்து நாள் கழித்துப் பெரிதாகக் காட்டும். மெட்ரோனிடசோல் வாயில் இரும்புக் கைப்புத் தரும், பசியைக் கெடுக்கும். அதோடு மது பாவிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. உங்கள் கணவர் பாவிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. வீட்டில் இரத்தத்தை ஐதாக்கும் வாபரின் எடுக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் மிச்சக் குளிசையை அவர்கள் கைக்கு எட்ட விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் அளவுக்கு மீறி ஐதாகும்.

என் கருத்து, இந்தக் குளிசைகள் அவருக்குத் தேவையில்லை. ஆனால் அவருடைய வயிற்றில் கை வைத்துப் பார்த்தவன் நான் இல்லை. நாளைக் காலையிலேயே மருந்துப் பட்டையோடு, ஒப்பரேசன் செய்த வார்ட்டுக்கோ கிளினிக்குக்கோ அவரைக் கூட்டிக்கொண்டு போய், 'நாங்களாகவே தொடங்கிவிட்டோம்' என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள். ஏசட்டும்.

தம்பி சொன்ன புரோகல்சிற்றோனின் நல்ல சோதனைதான், இடம்தான் பிழை. கிருமியால் வரும் கடுமையான தொற்றில் சி.ஆர்.பி.யை விட விரைவாக ஏறி, அடங்கும்போது ஒரு நாளைக்குப் பாதியாக இறங்கும். ஐ.சி.யூ.வில் கிடக்கிற ஒருவருக்கு அன்டிபயோட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானிக்க உதவும். பெரிய ஒப்பரேசனுக்குப் பிறகு அதுவும் கிருமியில்லாமலே கொஞ்சம் ஏறும். வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவருக்கு அதைப் பார்த்து நாங்கள் எதை மாற்றப்போகிறோம்? ஒரு சோதனையின் விடை எதுவாக வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சமைத்துக் கொடுங்கள். அவருக்கு இப்போது புரதம்தான் தேவை.

மச்சாளின் கதைக்கு வருகிறேன். குடல்வால் அழற்சியை மருந்தால் மாற்றலாம் என்பது உண்மை. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 1,552 பேர் இருந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 29 பேர் 90 நாளுக்குள் ஒப்பரேசனுக்கு வந்தார்கள், குடல்வாலில் கல் இருந்தவர்களில் அது 41. பின்லாந்தில் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், மருந்தால் மாறியவர்களில் நூற்றுக்கு 39 பேர் அளவில் வருத்தம் திரும்பியது. மச்சாள் அந்த நல்ல பக்கத்தில் விழுந்திருக்கிறார், மறுபடி வலித்தால் தாமதிக்கக் கூடாது என்று அவருக்கும் சொல்லி வையுங்கள். ஆனால் இந்த ஆய்வுகள் எதிலும் குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியவர்களைச் சேர்க்கவே இல்லை, சேர்க்கவும் முடியாது. உங்கள் கணவரை வெட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் வேறு விதமாக எழுதியிருப்பீர்கள்.

இன்சுலின் பற்றிப் பயப்பட வேண்டாம். உடம்பு பெரிய ஆபத்தில் இருக்கும்போது கோட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் சீனியை ஏற்றிவிடும், சீனி வருத்தமே இல்லாதவர்களுக்கும் ஏறும். சாப்பாடு இல்லை, சலைன் ஓடுகிறது, நீர் வற்றியதால் சிறுநீரகமும் தள்ளாடலாம். அந்த நேரத்தில் மெட்போமினை நிறுத்தி, இன்சுலினால் சமாளிப்பதுதான் முறை. அதிகச் சீனியில் காயம் ஆறாது, கிருமி வளரும். டயக்னோசிஸ் கார்ட்டில் எச்.பி.ஏ.1.சி. 7.1 என்று இருக்கிறது. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, வார்ட்டில் அன்றன்று ஏறிய சீனி அதை அசைக்காது. அதாவது வீட்டில் அவர் ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருந்திருக்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்து, வழமைபோல் சாப்பிடத் தொடங்கினால் பெரும்பாலும் பழைய மெட்போமினுக்கே திரும்பலாம். எந்த நாளிலிருந்து என்பதைக் கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். அதுவரை இன்சுலினைத் தொடரச் சொல்லியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக சி.ஈ.ஏ. அந்த 6.1ஐ வைத்து இரவு முழுக்க விழித்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சி.ஈ.ஏ. பெருங்குடல் புற்றுநோய் இருப்பது ஏற்கெனவே உறுதியானவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கப் பயன்படும் சோதனை. இருக்கிறதா இல்லையா என்று தேடுவதற்கு உகந்ததில்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சாதாரணமாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும், குடலில் அழற்சி வந்தாலும் ஏறும். அதே சமயம், புற்றுநோய் இருந்தும் இது சரியாக இருக்கிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட சோதனையைப் 'பக்கேஜ்' என்று போட்டு விற்பது வியாபாரம், அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவும் இல்லை. ஏனென்றால் அதற்குச் சரியான விடை ஆஸ்பத்திரியிலேயே தயாராகிக்கொண்டிருக்கிறது, நீங்கள்தான் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வெட்டி எடுத்த குடல்வாலை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பயாப்சிக்கு அனுப்பியிருப்பார்கள், கார்ட்டின் கீழ் மூலையில் எழுதியும் இருக்கிறது. குடல்வால் அழற்சி என்று எடுத்தவற்றில், நூற்றில் ஒன்று என்ற அளவில், உள்ளே எதிர்பாராத கட்டி இருக்கும். பலவும் சிறியவை, எடுத்ததோடு முடிந்துபோகிறவை. சிலவற்றுக்கு மேற்கொண்டு வைத்தியம் வேண்டும். நாற்பது தாண்டியவருக்குக் குடல்வால் வெடிக்கும்போது இந்தச் சந்தேகத்தை ஒரு மூலையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இந்த ரிப்போர்ட் வரக் கிழமைக்கணக்கில் எடுக்கும், அதற்குள் காயம் ஆறிவிடும், ஆள் வேலைக்குப் போய்விடுவார், ஒருவரும் போய் எடுப்பதில்லை. எடுக்கப்படாத ரிப்போர்ட்டுகள் எங்கள் அலுமாரிகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

நாளை போகும்போது கார்ட்டில் உள்ள வார்ட் இலக்கத்தையும் பி.எச்.ரி. (வார்ட்டில் அவருடைய கட்டில் சீட்டு) இலக்கத்தையும் காட்டி, பயாப்சி ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அது கைக்கு வந்ததும் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்கில் காட்டி, அவருடைய வயதுக்கு, பெருங்குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி ஒன்று தேவையா என்றும் கேளுங்கள். சி.ஆர்.பி.யை இனி அவர்கள் சொன்னால் பார்த்தால் போதும், பார்ப்பதானால் ஆஸ்பத்திரி லாப்பிலேயே பாருங்கள்.